மலையிலிருந்து 10 நிமிடம்: இணையவழி ஆய்வரங்கில் முதன்முறை பேசப் போகிறவர்களுக்கு

உங்கள் ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், பேச 10 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம், சூம் இணைப்பு பிறகு வரும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறதா? சரி, பவர்பொயின்டை இப்போதே திறக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, நீங்கள் கண்டது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'தோட்டப் பெண்களின் சுகாதாரப் பிரச்சினைகள்' என்பது வெறும் தலைப்பு. 'மலையில் கழிப்பறை இல்லாததால் கொழுந்து பறிக்கிற பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்' என்றால், அது கேட்கிறவர் மனதில் நிற்கிற வாக்கியம். பக்கத்துக் காம்பரா (லயத்தில் ஒரு குடும்பத்தின் அறை) அக்காவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் உடனே ஏதாவது திருப்பிக் கேட்டால் உங்கள் பேச்சு தயாராகிவிட்டது, இனி அதைச் சுற்றிக் கட்ட வேண்டியதுதான்.

இலங்கையின் மலையகத்தை, அதாவது தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலைநாட்டை, பற்றிப் பேசுகிற நம்மில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்ததில் தொடங்குவோம், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை, 1948இல் நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம், 1964இல் அவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருவோம், ஒன்றையும் விட மனம் வராது, அதற்குள் 7 நிமிடம் போய்விடும். என் முதல் பேச்சில் நான் 1964ஐத் தாண்டுவதற்குள் 'இன்னும் 2 நிமிடம்' என்று அரங்கத் தலைவர் எழுதிவிட்டார். லயம் லயமாக (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஏறி இறங்கிச் சேர்த்த நேர்காணல்களில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. வேலை முடிந்து வந்த களைப்போடு எனக்குச் சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றிக் கொடுத்துப் பேசிய பெண்களின் வார்த்தைகள் அந்த அரங்கில் ஒலிக்கவே இல்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். அதனால் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குத் தேவையான வரலாறு எதுவோ அதை மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். மிச்சத்தைக் கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் சொல்லலாம்.

முதல் நிமிடத்திலேயே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். யாரிடம், எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்பதற்கு 2 நிமிடம் போதும். ஆதாரங்களுக்கு 5 நிமிடம் தாராளமாகக் கொடுங்கள், ஏனென்றால் உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத பகுதி அதுதான். லயம், பெரட்டு, கங்காணி போன்ற சொற்களை ஆங்கிலப் பேச்சிலும் விட்டுவிடாதீர்கள், ஆனால் முதல்முறை வரும்போதே விளக்கிவிடுங்கள்: பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது, கங்காணி என்றால் அவர்களை மேற்பார்க்கிறவர், அவ்வளவுதான்.

எழுதிவைத்துப் பேசுகிறவர் என்றால், ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொல் என்று கணக்கு வைத்து, நிறுத்தி மூச்சு வாங்கவும் இடம் விட்டு, 10 நிமிடத்துக்கு 1,000 சொல்லுக்கு மேல் எழுதாமல் இருங்கள். தமிழில் சொற்கள் நீளமானவை, அதனால் இன்னும் குறையும். போனில் ஒலிப்பதிவு செய்து கேட்டால் எங்கே மூச்சு வாங்குகிறீர்கள், எங்கே ஓடுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். முதல் 3 வாக்கியத்தையும் கடைசி 2 வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் வருகிற இடங்கள் அவை.

ஸ்லைட் 6 அல்லது 7 போதும். கேட்கிறவர்களில் பாதிப்பேர் போனில் பார்ப்பார்கள் என்று நினைத்து எழுத்தைப் பெரிதாக வையுங்கள். தமிழ் எழுத்தை பாமினியில் அடித்திருந்தால் கட்டாயம் யுனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நீங்கள் எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து, முதல் நாளே ஏற்பாட்டாளருக்கு அனுப்பிவிடுங்கள். படங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இணையவழிப் பேச்சுகளைப் பெரும்பாலும் பதிவு செய்து எல்லோரும் பார்க்கப் போட்டுவிடுவார்கள். உங்களிடம் மனம் திறந்து பேசிய ஒரு தொழிலாளியின் முகமோ, பெயரோ, டிவிசன் (தோட்டப் பிரிவு) பெயரோ அதில் இருந்தால் தோட்டத்தில் அவருக்குத்தான் சங்கடம்.

இனி நம் ஊர் விஷயம். நேரத்தை முதலில் கணக்குப் பாருங்கள். லண்டனில் காலை 9 மணி என்றால் அங்கே கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அதையொட்டி வருகிற ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும்தான் நமக்குப் பிற்பகலானால் இடியும் மழையும். தகரக் கூரையில் மழை கொட்ட ஆரம்பித்தால் லெப்டொப்பில் இருக்கிற மைக்குக்கு உங்கள் குரல் எட்டவே எட்டாது. அதனால் வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற இயர்போன் வேண்டும், முடிந்தால் கொங்கிரீட் கூரை உள்ள ஓர் அறை வேண்டும். பாடசாலையிலோ நூலகத்திலோ தெரிந்தவர்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டுவையுங்கள்.

கரண்ட் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லெப்டொப்பும் போனும் முழு சார்ஜில் இருக்கட்டும், போனில் வேறு கம்பெனி சிம்மில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டைத் தயாராக வையுங்கள். வானம் இருண்டு வரும்போதே, மின்னல் தொடங்குவதற்கு முன், ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டு அதற்கு மாறிக்கொள்ளலாம். எந்த ஜன்னலோரத்தில் சிக்னல் நிற்கிறது என்பதை முதல் நாள் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள், காலையில் கிடைக்கிற சிக்னல் பிற்பகலிலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இணைப்பு தளர்ந்தால் தயங்காமல் கெமராவை நிறுத்துங்கள், குரலுக்கு மிகக் கொஞ்சம் டேட்டாதான் போகும். அப்புறம், முழுதாக அறுந்தால் என்ன செய்வது என்பதையும் அரங்கத் தலைவரோடு முன்பே பேசிவையுங்கள்: உங்கள் ஸ்லைடை அவர் காட்டுவார், நீங்கள் போனில் பேசுவீர்கள்.

அன்றைக்கு 20 நிமிடம் முன்பே உள்ளே போய், பெயரைச் சரிசெய்து, ஸ்கிரீன் ஷேரை ஒருமுறை சோதியுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், யாராவது வந்து கூப்பிட்டால் தங்கச்சி வாசலிலேயே நிறுத்திவிடட்டும். பேசும்போது ஸ்லைடைப் பார்க்காமல் கெமராவைப் பாருங்கள். ஆட்கள் தெரிய மாட்டார்கள், தலையசைப்பும் தெரியாது, அதற்காக வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். நேரம் முடிந்துவிட்டது என்றால் நடுவில் இருக்கிற ஸ்லைடுகளை விட்டுவிட்டு மனப்பாடம் செய்த அந்தக் கடைசி 2 வாக்கியத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

கேள்வி புரியவில்லை என்றால் 'சட் (chat) பெட்டியில் எழுத முடியுமா?' என்று கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அரங்கை மூடினால் அந்தப் பெட்டியும் மறைந்துவிடும், அதனால் வெளியேறுவதற்கு முன் எழுதப்பட்ட கேள்விகளையும் யாராவது தந்த மின்னஞ்சல் முகவரியையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அன்றிரவே பதில் எழுதிவிடுங்கள்.