ஒரே செயலி, மூன்று இடங்கள்: செட்டிங்ஸை நிரலிலிருந்து பிரித்து வைப்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுவையைப் பதியும் சின்னச் செயலி ஒன்றை பைதனில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலையில் நிறுத்த கிலோ தரவுத்தளத்தில் சேர்கிறது, பின்னேரம் கொழுந்து எடுத்தவருக்கு எஸ்எம்எஸ் போகிறது. இது மூன்று இடங்களில் ஓடும்: ஹட்டனில் உங்கள் லேப்டாப், நண்பர்கள் சோதித்துப் பார்க்கும் சேர்வர், தோட்ட அலுவலகம் உண்மையாகப் பாவிக்கும் சேர்வர். நிரல் மூன்றிலும் ஒன்றுதான். தரவுத்தள முகவரி, பாஸ்வேர்ட், எஸ்எம்எஸ் போக வேண்டுமா என்பது மட்டும் மாறும்.

மாறுகிறவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டும். ஒரு நாள் மறந்தால் போதும், சோதனைக்காக நீங்கள் அடித்த "இன்று 4 கிலோ" என்ற செய்தி, நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்த ஓர் அம்மாவின் போனுக்குப் போய்விடும். அந்த எண்ணில்தான் அவருக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்) அரைப்பேரா (அரைநாள் சம்பளம்) என்பது இருக்கிறது. அதனால் இதை முதல் நாளிலேயே ஒழுங்காகச் செய்துவிடுங்கள்.

படி 1: எது செட்டிங் என்று பாருங்கள்

ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: செயலி ஓடும் இடம் மாறினால் இது மாறுமா? மாறினால் அது செட்டிங். தரவுத்தள முகவரி மாறும், சரி. நாட்சம்பளம்? அது 2021 இல் 1000 ரூபாய் ஆனது, 2024 இல் 1350 ஆனது. மாறுகிறதுதான், ஆனால் இடத்தால் அல்ல, காலத்தால். அதைச் செட்டிங்கில் வைத்து 1350 என்று மாற்றினால், பழைய மாதக் கணக்கை மறுபடி எடுக்கும்போது அதுவும் புதிய சம்பளத்தில் வரும். எனவே சம்பளம் தரவுத்தளத்தில், "எந்தத் தேதியிலிருந்து" என்ற இன்னொரு நெடுவரிசையோடு இருக்க வேண்டும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்பதும் அப்படியே. அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும், செயலி ஓடும் இடத்தால் அல்ல.

நேர வலயம் வேறு கதை. வெளிநாட்டில் உள்ள சேர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட 5.30 மணித்தியாலம் முந்தியது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவரின் பதிவு நள்ளிரவுக்கும் காலை 5.30 க்கும் இடையில் விழுந்தால் முந்தைய நாள் தேதியில் ஏறிவிடும். ஆனாலும் நம் செயலிக்கு இது எங்கே ஓடினாலும் மாறாத மதிப்பு. ஆகவே ஏசியா/கொழும்பு என்று நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: .என்வ் கோப்பு

நிரல் இருக்கும் ஃபோல்டரில், செட்டிங்ஸை மட்டும் வரிக்கு ஒன்றாக வைக்கும் .என்வ் என்ற இந்தக் கோப்பை உருவாக்குங்கள். பெயர்களைத் தமிழில் காட்டுகிறேன், நீங்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கோட்டோடு எழுதுங்கள்.

சூழல்=லேப்டாப்
டிபி_ஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட்
டிபி_போர்ட்=5432
டிபி_பாஸ்வேர்ட்=உங்கள்பாஸ்வேர்ட்
எஸ்எம்எஸ்_அனுப்பு=0

5432 என்பது போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வழக்கமாகக் கேட்கும் போர்ட். அப்புறம் பைதன்-டாட்என்வ் என்ற பேக்கேஜை நிறுவி, நிரலின் தொடக்கத்தில் அதன் லோட்_டாட்என்வ் கட்டளையை அழையுங்கள். அது கோப்பிலுள்ள மதிப்புகளைச் செயலியின் சூழலில் (செயலி ஓடும்போது படிக்கும் பெயர்-மதிப்புப் பட்டியலில்) ஏற்றும்.

படி 3: கிட்டில் ஏற்றாதீர்கள்

நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவிதான் கிட், ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட். முதல் கமிட்டுக்கு முன்பே, எதை ஏற்றக்கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் .கிட்இக்னோர் கோப்பில் .என்வ் என்று ஒரு வரி சேருங்கள். கூடவே .என்வ்.எக்ஸாம்பிள் என்று இன்னொரு கோப்பை உருவாக்குங்கள். அதில் அதே பெயர்கள் இருக்கட்டும், பாஸ்வேர்டை வெறுமையாக விடுங்கள். இது மட்டும் கிட்டில் ஏறலாம்.

பாஸ்வேர்ட் ஏற்கெனவே ஏறிவிட்டதா? கோப்பை அழித்து மறுபடி கமிட் செய்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

படி 4: தொடங்கும்போதே சரிபாருங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். சூழல் மதிப்புகளைப் பைதன் வைத்திருக்கும் ஓஎஸ்.என்விரானில் சதுர அடைப்புக்குள் பெயரைக் கொடுத்து மதிப்பைக் கேட்டால், அது இல்லாதபோது செயலி உடனே பிழை காட்டி நிற்கும். கெட் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்ற மதிப்போடு சத்தமில்லாமல் மேலே போகும். தரவுத்தள விவரங்களுக்கு முதல் முறையையே பாவியுங்கள். காலை 6 மணிக்குச் செயலி தொடங்க மறுத்தால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. நிறுவை நேரத்தில், கூடைகளோடு எல்லோரும் வரிசையில் நிற்கும்போது விழுந்தால் என்ன செய்வது?

எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும் கெட் போதும்: மதிப்பு இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறந்துபோனாலும் யாருக்கும் தவறான செய்தி போகாது.

இன்னொன்று. சூழலிலிருந்து வரும் மதிப்பு எல்லாமே எழுத்துச் சரம். பைதனில் வெறுமையில்லாத எந்தச் சரமும் உண்மை என்றே கொள்ளப்படும், "0" உட்பட. நேராக இஃப் போட்டால் நீங்கள் 0 என்று எழுதியிருந்தும் எஸ்எம்எஸ் போகும். "1" க்குச் சமமா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். போர்ட்டை இன்ட் (முழு எண்) ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: சேர்வரில்

லேப்டாப்பின் .என்வ் கோப்பை அங்கே கொண்டு போகாதீர்கள். லினக்ஸ் சேர்வரில், சேவைகளைத் தொடங்கி ஓட்டும் சிஸ்டம்டி மூலம் ஓட்டினால், சேவைக் கோப்பில் என்விரான்மென்ட்ஃபைல் என்ற வரியில் தனிக் கோப்பொன்றின் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்கினால் உரிமையாளர் தவிர வேறு சாதாரணப் பயனர் படிக்க முடியாது. லோட்_டாட்என்வ் ஏற்கெனவே சூழலில் உள்ள மதிப்பை மாற்றாது, ஆகவே சேர்வர் கொடுத்ததே நிற்கும்.

சூழல் பெயரைத் திரையின் மேற்பகுதியில் காட்டுங்கள். சோதனை என்றால் சிவப்புப் பட்டை.

கடைசியாக, பண்டாரவளையிலோ தலவாக்கலையிலோ இருக்கும் நண்பர் ஒருவரிடம் ரெப்போவை (கிட்டில் உள்ள உங்கள் நிரல் தொகுப்பை) குளோன் செய்து, எக்ஸாம்பிள் கோப்பைப் பிரதியெடுத்து, ஓட்டச் சொல்லுங்கள். அவர் போன் எடுத்து உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குமான விடையை அந்தக் கோப்பில் ஒரு குறிப்பு வரியாகச் சேர்த்து கமிட் செய்யுங்கள்.