காரைக்குடியில் பழைய மாணவர் சந்திப்பு: எங்கே சொதப்புகிறோம்?

செட்டிநாட்டில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக் கல்லூரியைத் தொடங்கினார், 1952-இல் பொறியியல் கல்லூரி வந்தது, 1985-இல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. தேவகோட்டை, பள்ளத்தூர், மேலைச்சிவபுரி என்று சுற்றிலும் வேறு இருக்கின்றன. அதனால் எந்த விடுமுறைக்கு வந்தாலும் ஏதாவது ஒரு செட், அதாவது ஒன்றாகப் படித்த ஒரு வருஷத்து மாணவர்கள், எங்கேயாவது ஒரு ஹாலில் கூடியிருக்கும். ஆனால் இதில் பலவும் ஒரே மாதிரிதான் சொதப்புகின்றன. காரணம், ஏற்பாடு செய்கிற நாலைந்து பேர் எப்படியும் வரப்போகிறவர்களை மனதில் வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பழைய நண்பனை யாரும் நினைப்பதில்லை.

முதல் தவறு தேதி. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்துவிட்டுக் குழுவில் அறிவித்துவிடுவார்கள். அது வைகாசியிலோ ஆவணியிலோ முகூர்த்த நாளாக இருந்தால் மண்டபமும் கிடைக்காது, லாட்ஜும் கிடைக்காது, வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வேறொரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குப் பாதயாத்திரை, மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம், இதெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், அமெரிக்காவில் உட்கார்ந்து தேதி குறிப்பவருக்குத் தெரியாது. மார்கழிதான் வசதி என்பேன். கல்யாணம் கிடையாது, பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களும் டிசம்பர் கடைசியில்தான் வருவார்கள். அதிலும் நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்பு எந்த நாளில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள், அன்று சாயங்காலம் இழை எடுக்கிற, அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியை வாயில் போட்டு நோன்பை முடிக்கிற வீட்டுக்காரர்களை நீங்கள் எந்த மேடையிலும் உட்கார வைக்க முடியாது. டிசம்பர் கடைசியில் கானாடுகாத்தான் பக்கம் சுற்றுலாக்காரர்கள் கூட்டமும் சேரும் என்பதால் அறைகளை முன்னாலேயே பிடித்து வையுங்கள்.

தேதியோடு ரயிலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சென்னைக்காரர்கள் பலருக்கும் பல்லவன் எக்ஸ்பிரஸ்தான் கதி. அது காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்புகிறது, சென்னையிலிருந்து பிற்பகலில் புறப்பட்டு ராத்திரிதான் வந்து சேரும். ஆக ஒரு நாள் நிகழ்ச்சி என்றாலும் இரண்டு ராத்திரி தங்க வேண்டியிருக்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. தேதியைத் தாமதமாகச் சொன்னால் டிக்கெட் இல்லாத ஒரே காரணத்துக்காகவே சிலர் கழன்றுகொள்வார்கள். விமானத்தில் வருகிறவர்கள் மதுரையிலோ திருச்சியிலோதான் இறங்க வேண்டும், அங்கிருந்து எப்படி வருவது என்பதையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது பட்டியல். வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள்தான் செட் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. கல்யாணமாகிப் போன பெண்களுக்கு இனிஷியலே மாறியிருக்கும், பழைய வருகைப் பதிவேட்டை வைத்துத் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள், அவர்களுடைய அம்மா வீடு எந்த ஊர் என்று பிடித்துப் போக வேண்டும். நம் ஊரில் இன்னொரு தொல்லை, தாத்தா பாட்டி பெயரையே பேரப்பிள்ளைகளுக்கு வைப்பதால் ஒரே வகுப்பில் மூன்று மெய்யப்பன், நான்கு வள்ளியம்மை இருப்பது சாதாரணம். ஊர்ப் பெயரோடு சேர்த்து எழுதாவிட்டால் ஒருவருக்கு இரண்டு முறை அழைப்பு போகும், இன்னொருவர் 'என்னை யாரும் கூப்பிடவே இல்லை' என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். ஊருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துப் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். அச்சடித்த அழைப்பிதழை விட 'டேய், நீ வரலைன்னா எப்படிடா' என்ற ஒரு போன் அதிகம் வேலை செய்யும்.

பண விஷயத்தில் கவனமாக இருங்கள். தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் ஒரே தொகை வைத்துவிட்டு, கொடுக்க முடிந்தவர்களிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவர்கள் பெயரை பிளெக்ஸில் பெரிது சிறிதாகப் போட்டு, அவர்களுக்கு முன்வரிசை நாற்காலியும் போட்டால், ஊரிலேயே சின்னக் கடை வைத்திருக்கிற நண்பன் அடுத்த முறை வரமாட்டான். அறிமுகத்தின்போது எங்கே வேலை, என்ன பதவி என்று மைக்கில் சொல்லச் சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஹாஸ்டலில் எந்த அறை, யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், கூச்சப்படுகிறவரும் வாயைத் திறப்பார்.

சரி, மேடைக்கு வருவோம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை. முடிவதற்குள் மதியம் ஒரு மணியாகிவிடும், முப்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவர்கள் முதுகைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலையில் ஒரு மணி நேரத்தில் மேடையை முடித்துவிடுங்கள். ஆசிரியர்களுக்கு மரியாதை செய்யுங்கள், கூடவே ஆய்வகத்தில் இருந்த உதவியாளரையும் ஹாஸ்டல் சமையல்காரரையும் தேடிப் பிடித்துக் கூப்பிடுங்கள், வயதானவர்களுக்குக் கார் அனுப்புங்கள். மறைந்துபோனவர்களின் பெயரைப் படிப்பதற்கு முன்னால் பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும், உயிரோடு இருப்பவர் பெயரைப் படித்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த நாளே போச்சு.

இடத்தைப் பொறுத்தவரை, பழைய செட்டிநாட்டு வீட்டில் வைத்தால் போட்டோ பிரமாதமாக வரும், ஆத்தங்குடித் தரைக்கல்லும் வளவு என்கிற உள்முற்றமும் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் உயரமான படியேறி வர வேண்டும், கழிப்பறை பின்கட்டில் எங்கேயோ இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கல்லூரிக்குள்ளேயே ஒரு வேளையாவது வைப்பது நல்லது, அதற்குத் தேர்வு நாட்கள் இல்லாத தேதியாகப் பார்த்து முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி எல்லாம் போடுங்கள், சர்க்கரைக்காரர்களுக்கும் ஏதாவது இருக்கட்டும்.

கடைசியாகக் கணக்கு. வரவு செலவை ஒரு வாரத்துக்குள் குழுவில் போடுங்கள், வாடகை, சமையல், பந்தல் என்று ரசீதோடு. பணம் மிஞ்சினால் கல்லூரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள், கேட்காமல் பெயர் பொறித்த கடிகாரம் வாங்கி மாட்டாதீர்கள். ஏற்கெனவே நாலு தொங்குகிறது, அதில் மூன்று ஓடவில்லை.