விளக்கடியில் வளர்ந்த சாமந்தியை வெளியே எடுக்கும் முன்

சித்திரை பிறந்ததும் என்னிடம் வரும் புகார் ஒன்று உண்டு. வீட்டுக்குள் எல்இடி விளக்கடியில் சாமந்தி கட்டிங்கை வேர்விட வைத்து, இரண்டு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார்கள். இலை கரும்பச்சையாக, தண்டு பென்சில் கனத்தில் நிற்கும். மாடிக்கு எடுத்துப் போய் வைத்த மூன்று நான்கு வாரத்தில் ஒரு சாண் உயரச் செடியின் உச்சியில் மொட்டு வந்துவிடும். அதோடு வளர்ச்சி நின்றுபோகும். தொட்டி நிறையப் பூக்கும் என்று காத்திருந்தவருக்கு நான்கு பூ. "உரம் பத்தலையாண்ணே?" என்று கேட்பார்கள்.

உரம் போதும். இரவுதான் நீண்டுவிட்டது. உள்ளே தினம் 16 மணி நேரம் விளக்கு எரிந்தது, இருட்டு 8 மணி நேரம். மாடிக்குப் போன அன்றே இருட்டு 11 மணி நேரத்துக்கு மேல். சாமந்திக்கு அதுதான் பூக்கச் சொல்லும் உத்தரவு.

அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அலார்ட் என்ற இருவர் இந்தக் கணக்கை 1920-இல் வெளியிட்டார்கள். மேரிலாந்து மாமத் என்றொரு புகையிலை ரகம் கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. தினம் சில மணி நேரம் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்ததும் பூத்தது. பிறகு 1938-இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தையை வைத்துச் சோதித்து, செடி எண்ணுவது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை என்று காட்டினார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போதும், செடி அதைக் குறுகிய இரவு என்று எடுத்துக்கொள்ளும். கீழே நான் சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இந்த இரண்டு செய்தியும் தெரியாமல் வருபவை.

வெளிநாட்டுக் காலண்டரை இங்கே மாட்டுவது

இணையத்தில் கிடைக்கும் அறிவுரையெல்லாம் "கடைசி உறைபனி போனதும் வெளியே எடுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கும். டொராண்டோவில் இருப்பவருக்கு அது சரி. அங்கே ஜூனில் பகல் 15 மணி 26 நிமிடம். மே கடைசியில் வெளியே வைத்த சாமந்தி கோடை முழுக்கத் தழைத்து வளரும். பகல் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்குவது ஆகஸ்ட் கடைசியில். மொட்டு கட்டி இலையுதிர் காலத்தில் பூக்கும். நடவுக்கும் பூவுக்கும் நடுவே செடி பெருக்க மூன்று மாதத்தை இயற்கையே கொடுத்துவிடுகிறது.

நமக்கு அந்தச் சலுகை இல்லை. ஓசூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 52 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 23 நிமிடம். கன்னியாகுமரிக்குப் போனால் வித்தியாசம் இன்னும் சுருங்கி ஒரு மணி நேரம் ஆகிவிடும். பாலிஹவுஸில் வெட்டுப்பூவுக்கும் தொட்டிக்கும் வளர்க்கிற பெரும்பாலான ரகங்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் எல்லை இது: பகல் பதினான்கரை மணி நேரத்துக்குக் குறைந்தால் மொட்டு தோன்றும், பதின்மூன்றரைக்குக் குறைந்தால் அந்த மொட்டு வளர்ந்து விரியும். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். விடியலிலும் அந்தியிலும் இருக்கும் மங்கல் வெளிச்சத்தில் ஒரு பகுதியைச் செடி பகலோடு சேர்த்துக்கொள்வதால், ஜூனில் சில ரகங்கள் கொஞ்சம் தடுமாறும். ஆனால் பொதுவாக நம்மூர் வானத்தடியில் இந்த ரகங்களுக்கு எந்த மாதமும் பூக்கிற மாதம்தான்.

அதனால் எந்த மாதம் வெளியே எடுப்பது என்பதைவிட, செடி பூவைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியே எடுக்கிற நாள்தான் நீங்கள் பூவுக்கு ஆர்டர் கொடுக்கிற நாள்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. இராயக்கோட்டைப் பக்கம் விவசாயி கோடையில் நடுகிறாரே, அது தழைத்து வளர்ந்து புரட்டாசிக்கு மேல்தானே பூக்கிறது என்பார்கள். உண்மைதான். பகல் இன்னும் குறுகட்டும் என்று காத்திருக்கிற நாட்டு ரகங்கள் உண்டு. கோடை வெக்கையும் மொட்டைத் தள்ளிப்போடும். மாலைக்குப் போகும் மஞ்சள் சாமந்தியின் பழக்கத்தை, நர்சரியில் குட்டைத் தொட்டியில் வாங்கிய கலர் சாமந்தியிடம் எதிர்பார்க்கக் கூடாது. வாங்கும்போது ரகத்தின் பெயரையும், எத்தனை வாரத்தில் பூக்கும் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள்.

மணி நேரத்தைப் படிப்படியாகக் குறைப்பது

ரொம்ப அக்கறையான ஆட்கள் செய்கிற தவறு இது. 16-லிருந்து ஒரேயடியாகப் பன்னிரண்டரைக்கு இறக்கினால் செடி அதிர்ச்சி அடையுமே என்று, வாரத்துக்கு அரை மணி நேரமாகக் குறைத்து, ஒன்றரை மாதம் கழித்து வெளியே எடுப்பார்கள். இருட்டு நீள்வதால் செடிக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. அதற்கு அதிர்ச்சி தருவது வெயில். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படி இழுத்துக் குறைக்கும்போது செடி பதினான்கரைக்கும் பதின்மூன்றரைக்கும் நடுவில் இரண்டு வாரம் மாட்டிக்கொள்கிறது. மொட்டு தோன்றிவிடும், ஆனால் வளராது. அந்த மொட்டுக்குக் கீழே வரும் இலைகளைப் பார்த்தால் தெரியும்: சாமந்திக்கே உரிய வெட்டு வெட்டான ஓரம் இல்லாமல், ரிப்பன் நறுக்கிய மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும். அந்த ரிப்பன் இலை தெரிந்தால் பூச்சி, வைரஸ் என்று மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இருட்டுக் கணக்கு அரைகுறையாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மொட்டைக் கிள்ளிவிட்டு, மறுபடி நீண்ட பகலில் பக்கக் கிளையை வளர்க்க வேண்டும். இல்லையென்றால் முழு நீள இரவுக்கு மாற்ற வேண்டும். நடுவில் நிற்க வைக்காதீர்கள்.

மொட்டு வந்த செடியை மனம் கேட்காமல் மறுபடி விளக்கடிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. வெளியே இரண்டு வாரம், உள்ளே இரண்டு வாரம் என்று அலைக்கழித்தால் பூவும் கிடையாது, தழையும் கிடையாது.

கிள்ளிய அன்றே வெளியே வைப்பது

நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும். ஆனால் கிள்ளிய அன்றே மாடிக்கு எடுத்துப் போனால், புதிதாக முளைக்கும் கிளைகள் விரல் நீளத்திலேயே மொட்டு வைத்துவிடும். கிள்ளிய பிறகு இரண்டு மூன்று வாரமாவது நீண்ட பகல் தேவை. கிளைகள் ஐந்தாறு இலை விட்டபின் வெளியே எடுங்கள். குள்ளமான தொட்டிப் பூ போதும் என்றால் கொஞ்சம் சீக்கிரம், நீளத்தண்டுப் பூ வேண்டுமென்றால் இன்னும் ஓரிரு வாரம் தாமதம்.

பண்டிகைக்குப் பூ வேண்டுமென்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். இருட்டு கூடத் தொடங்கிய நாளிலிருந்து பூ விரிய எத்தனை வாரம் என்பதை வைத்துத்தான் சாமந்தி ரகங்களைப் பிரிக்கிறார்கள். சில ரகம் ஆறு வாரம், சில ரகம் பதினைந்து வாரம். ஒன்பது வார ரகம் ஆயுத பூஜைக்கு வேண்டுமென்றால் ஆடி நடுவில் வெளியே வந்திருக்க வேண்டும். கிள்ளுவது ஆனிக் கடைசியில். வெக்கை நீடித்தால் மொட்டு பிந்தும் என்பதால் நான் ஒரு வாரம் சேர்த்து வைத்துக்கொள்வேன்.

வெளியே வைத்துக்கொண்டே இரவை உடைக்கலாம் என்பது தெரியாமல் இருப்பது

வீட்டுக்குள் இடம் போதாது, செடியும் இன்னும் சிறிசு என்றால் வழி இருக்கிறது. பகல் முழுக்க வெளியே சூரிய ஒளியில் இருக்கட்டும். இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை மேலே ஒரு விளக்கு. பாலிஹவுஸ்களில் நள்ளிரவில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். செடியை வளர்க்கிற அளவு பலமான வெளிச்சம் தேவையில்லை. இலை மட்டத்தில் 100 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் பொதுவாகப் போதும். தொடர்ந்து நான்கு மணி நேரம் எரிக்காமல், ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் ஆறு நிமிடம் எரித்து இருபத்துநான்கு நிமிடம் அணைக்கிற முறையும் உண்டு, கரண்ட் மிச்சம். இலைக்குள் இருட்டைக் கணக்கு வைக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளிக்குத்தான் நன்றாக அசையும். அதனால் அழகுக்கு மாட்டும் நீல விளக்கை நம்ப வேண்டாம். வெதுவெதுப்பான வெள்ளை எல்இடி நல்லது.

இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முள் சுற்றும் பழைய வகை டைமர் வாங்கி மாட்டினேன். கரண்ட் போகும்போதெல்லாம் அந்த முள்ளும் நின்றுவிடும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, இரண்டு மாதத்தில் விளக்கு விடியற்காலை நாலரைக்குப் பற்றி, காலை எட்டரை வரை வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருந்தது. பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் முப்பது தொட்டியிலும் மொட்டு. பேட்டரி உள்ள டைமர் வாங்குங்கள், அல்லது வாரம் ஒரு தடவை முள்ளைச் சரிபாருங்கள்.

ஓரிரு நாள் விளக்கு எரியாமல் போனால் பதற வேண்டாம். தொடர்ந்து ஒரு வாரம் போனால்தான் வம்பு.

இருட்டு என்று நினைக்கிற இடம் இருட்டாக இல்லாதது

இது நேர் எதிர்ப்பக்கம். செடி நன்றாக வளர்ந்துவிட்டது, வெளியே வைத்து மூன்று மாதமும் ஆயிற்று, மொட்டே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். எதிரே நகராட்சியின் புது எல்இடி தெருவிளக்கு, இல்லை பக்கத்து வீட்டு வாசல் விளக்கு, தொட்டியின் மேலேயே விழும். செல்போன் செயலியில் லக்ஸ் அளந்தால் ஓரளவு தெரியும். அதைவிட எளிய சோதனை: தொட்டிக்கு மேலே கையை நீட்டினால் கூர்மையான நிழல் விழுகிறதா? விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். நிலா வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், பௌர்ணமியிலும் அது அரை லக்ஸைத் தொடாது.

கறுப்புத் துணி போட்டு மூடுகிறவர்கள் மாலை நாலரைக்கே மூடிவிட்டு, உள்ளே புழுங்கி மொட்டு பிந்துவதைக் கவனிப்பதில்லை. நம்மூரில் துணியே பெரும்பாலும் அவசியமில்லை. தெருவிளக்கை மறைக்க வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு, பக்கவாட்டில் மட்டும் ஒரு படுதா கட்டினால் போதும்.

வெயிலுக்குப் பழக்காமல் எடுப்பது

மணி நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டாம் என்றேன். ஆனால் வெயிலைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். வீட்டு விளக்கடியில் சில ஆயிரம் லக்ஸ் பார்த்த இலைக்கு, உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஒரே மதியத்தில் இலை வெளிறி, மறுநாள் காகிதம் மாதிரி காயும். அந்த இலை திரும்பப் பச்சையாகாது. முதல் நான்கு நாள் 50 சதவீத நிழல் வலைக்கு அடியில், பிறகு காலை வெயில் மட்டும், ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். வீட்டுக்குள் காற்றே படாத தண்டு மாடிக் காற்றில் சாயும், ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். இந்தப் பத்து நாளும் இருட்டுக் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிட்டு, முழு வெயிலுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் உண்டு. செடி நிழல் வலைக்கு வந்த முதல் இரவிலேயே எண்ண ஆரம்பித்துவிட்டது.

எல்லாச் செடிக்கும் இதே கணக்கு என்று நினைப்பது

தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுக்கு இந்தத் தலைவலி பெரிதாக இல்லை. வெயிலுக்குப் பழக்கினால் போதும். செண்டுமல்லி குறுகிய பகலில் சீக்கிரம் பூக்கும், நீண்ட பகலிலும் பூக்காமல் விடாது. அதற்குத் துலுக்கச் சாமந்தி என்றும் பெயர் இருப்பதால் சாமந்திக் கணக்கை அதற்குப் போடாதீர்கள். சைனா ஆஸ்டர் நீண்ட பகலை விரும்பும், அதற்கு எல்லாமே தலைகீழ்.

"18 மணி நேரம் விளக்கு, பிறகு 12" என்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் வாய்ப்பாடு கஞ்சா வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது. அதுவும் சாமந்தி மாதிரி, இரவு நீண்டால் பூக்கும் குறும்பகல் செடிதான். 2018 அக்டோபரிலிருந்து கனடா மத்திய சட்டம் வீட்டுக்கு நான்கு செடி அனுமதிப்பதால் அங்கே வெளிப்படையாக எழுதுகிறார்கள். இந்தியாவில் உரிமமின்றி அதை வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அது இருக்கட்டும். நம் தொட்டிக்கு அந்த 18 தேவையே இல்லை. சாமந்திக்கு 16 தாராளம், மீதி இரண்டு மணி நேரமும் கரண்ட் பில்தான்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி இலைகள் சிவக்கும் பாயின்செட்டியாதான் இருட்டில் இன்னும் கறார். பகல் பன்னிரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி வரும்போதுதான், அதாவது செப்டம்பர் கடைசி வாக்கில்தான், அது சிவக்கவே முடிவெடுக்கும். அந்தச் சமயத்தில் கொலு வைக்கிறோம் என்று வராந்தாவில் ராத்திரி முழுக்க சீரியல் பல்பு எரியவிட்டால் கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு வராது. எங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஒன்று நின்றது. தெருவிளக்குப் பக்கத்துக் கிளை ஜனவரி வரை பச்சை, சுவர் மறைத்த கிளை மட்டும் டிசம்பரிலேயே சிவப்பு.