நியூட்டன்-ராப்சன் முறையில் மூலம் காணுதல்

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அவ்வெண்ணின் இருமடங்கையும் 5-ஐயும் கழித்தால் சுழி வர வேண்டும் என்பது நியூட்டன் தாமே எடுத்துக்காட்டாகக் கையாண்ட சமன்பாடு. முதலில் மூலம், அதாவது சமன்பாட்டை நிறைவுசெய்யும் எண், எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: 2-ஐப் பிரதியிட்டால் −1-உம், 3-ஐப் பிரதியிட்டால் 16-உம் கிடைப்பதால், குறி மாறும் இவ்விடைவெளியில், சுழிக்கு நெருங்கிய மதிப்பைத் தரும் 2-ஐயே தொடக்கமாகக் கொள்வது நல்லது.

இனிச் சார்பின் (சுழியாக வேண்டிய கோவையின்) மதிப்பை வகைக்கெழுவின் (சார்பு மாறும் வீதத்தின்) மதிப்பால் வகுத்து, வரும் ஈவைத் தொடக்க எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். வகைக்கெழு, எண்ணின் வர்க்கத்தை 3-ஆல் பெருக்கி 2-ஐக் கழித்தது. ஆகவே 2-இல் அது 10. −1-ஐ 10-ஆல் வகுத்துக் கழித்தால் 2.1, மறுபடி செய்தால் 2.094568, மூன்றாம் முறை 2.094551. கால்குலேட்டரில் 2-ஐ இட்டுச் சமக்குறியை அழுத்தியபின், சூத்திரம் முழுவதையும், எண்ணுக்குப் பதிலாக முந்தைய விடையைத் தரும் ‘ஆன்ஸ்’ (Ans) விசையைக் கொண்டு ஒருமுறை உள்ளிட்டுவிட்டால், அதன்பின் சமக்குறியை மட்டும் அழுத்தினால் போதும். இடையில் எண்களைச் சுருக்கி எழுதுவதால் நுழையும் பிழையும் தவிர்க்கப்படும்.

தொடக்க மதிப்பில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வகைக்கெழு சுழியை நெருங்கும் 0.8-இல் தொடங்கினால் அடுத்த மதிப்பு −75.3 என்று வெகுதூரம் விலகிவிடும். அடுத்தடுத்த இரு மதிப்புகள் வினா கேட்கும் தசம இடங்கள்வரை ஒத்துப்போகும்போது நிறுத்துங்கள். நான்கு இடங்களுக்கு விடை 2.0946.