வீட்டு மழைமானி: அளவு எங்கே தப்புகிறது?

பாட்டிலை வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். பத்து நிமிட வேலை. என் முதல் மழைமானியை நான் அப்படித்தான் செய்தேன். நன்றாக மழை படட்டும் என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அதை நிறுத்தினேன். ஒரு பருவம் முழுக்க நோட்டில் தேதி போட்டு எழுதியும் வந்தேன். அடுத்த வருஷம் இன்னொன்று செய்து தோட்டத்தின் நடுவில் வைத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஒரே மழைக்கு மாடியில் இருந்தது 14 மி.மீ. என்றது, கீழே இருந்தது 22 என்றது.

தப்பான மழைமானியில் உள்ள சிக்கலே இதுதான். அதுவும் ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், நாமும் நம்பிக்கொண்டே இருப்போம்.

முதலில் ஒரு கணக்கு. 20 மி.மீ. மழை என்றால், விழுந்த நீர் வழிந்தோடாமல், மண்ணில் இறங்காமல், ஆவியாகாமல் அப்படியே நின்றிருந்தால் 20 மி.மீ. உயரத்துக்கு நின்றிருக்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை சரியாக 1 லிட்டர். இரண்டுக்கு மூன்று மீட்டர் பாத்திக்கு 10 மி.மீ. பெய்தால் 60 லிட்டர் இறங்கியிருக்கிறது, அன்றைக்கு நீர் ஊற்ற வேண்டாம். மழைமானி வைப்பதே இதற்குத்தானே.

வாய் ஓர் அகலம், உடம்பு ஓர் அகலம்

நேர்ச் சுவருள்ள பாத்திரம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஒரே உயரத்தைத்தான் காட்டும். வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருக்கும்வரை கவலை இல்லை. வாளியை எடுத்தால்தான் வம்பு. வாய் 28 செ.மீ., அடி 20 செ.மீ. உள்ள வாளியில் 10 மி.மீ. மழை பெய்தால் அடியில் கிட்டத்தட்ட 19 மி.மீ. நீர் நிற்கும். ஸ்கேலை விட்டுப் பார்ப்பவர் ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை என்று எழுதிவிடுவார். இடுப்பு ஒடுங்கிய பாட்டில், வரிவரியாக நெளிந்த பாட்டில் எல்லாம் இதே ரகம்தான்.

பெரிய புனலைச் சின்ன பாட்டிலில் வைப்பதும் இப்படித்தான். 15 செ.மீ. புனல், 5 செ.மீ. பாட்டில் என்றால் மூன்றால் வகுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மழை விழுவது பரப்பின் மேல், அதனால் மூன்றின் வர்க்கமான 9-ஆல் வகுக்க வேண்டும். வேண்டுமென்றே இப்படிச் செய்வதும் உண்டு. அமெரிக்க வானிலைத் துறையின் 8 அங்குல மழைமானியில் புனல் வாயின் பரப்பு உள்குழாயின் பரப்பைப்போல் 10 மடங்கு. சிறு தூறலும் பத்து மடங்கு உயரமாகத் தெரியும் என்பதால் நுணுக்கமாகப் படிக்கலாம். வகுக்க மறக்காமல் இருந்தால் சரி.

அடியும் கோடும்

குளிர்பானப் பாட்டில்களின் அடி ஐந்து கால் வைத்தாற்போல மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, மேடு மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போடுவது வழக்கம். நல்ல யோசனைதான், ஆனால் அந்த நீரும் வெயிலில் வற்றும். ஒரு வாரம் மழையில்லாமல் மட்டம் 4 மி.மீ. இறங்கியிருந்தால், அடுத்த மழையின் முதல் 4 மி.மீ. உங்கள் கணக்கில் வராது. தினமும் கோடுவரை நிரப்பி வையுங்கள், அல்லது அடியைச் சிமெண்ட் கலவையால் நிரப்பி மட்டமாக்கிவிடுங்கள். மெழுகு ஊற்றலாமே என்று தோன்றும். சூடாக ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும்.

ஸ்கேலில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. பல ஸ்கேல்களில் பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்காது, சில மி.மீ. தள்ளித்தான் தொடங்கும். அதன் விளிம்பை அடியில் முட்ட வைத்து ஒட்டினால் எல்லா அளவும் அந்தச் சில மி.மீ. குறைந்துவிடும்.

பாட்டில் சாய்ந்திருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு ஓர் எண் சொல்கிறேன். 9 செ.மீ. அகலப் பாட்டில் 5 பாகை மட்டும் சாய்ந்திருந்தால், நீர்மட்டம் ஒரு பக்கச் சுவரில் இருப்பதைவிட எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. உயர்ந்திருக்கும். ஸ்கேல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து 4 மி.மீ. கூடவோ குறையவோ காட்டும். ஈர மண்ணில் குத்தி வைத்த பாட்டில் 5 பாகை சாய்வதற்கு ஒரு பலத்த மழை போதும். பூந்தொட்டிக்குள் மணலைக் கொட்டி, பாட்டிலை அதில் பாதி புதைத்துவிட்டால் அசையாது.

படிக்கும்போது கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். விளிம்பில் நீர் சுவரைப் பற்றி ஏறி நிற்கும், நடுவில் உள்ள தாழ்ந்த மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த ஸ்கேல் வேலையே வேண்டாம். எடை போட்டுவிடுங்கள். ஒரு கிராம் நீர் ஒரு மில்லிலிட்டர். வாய் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. சேர்ந்த நீர் 157 கிராம் என்றால், 157-ஐ 78.5-ஆல் வகுத்தால் 2 செ.மீ., அதாவது 20 மி.மீ. மழை. அடி மேடா பள்ளமா, உடம்பு நெளிவா, பாட்டில் லேசாகச் சாய்ந்ததா என்ற தொல்லை எதுவும் இல்லை. வாயை அளப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 10 செ.மீ. வாயை 9.5 என்று அளந்துவிட்டால் கணக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தப்பிவிடும். கத்தரிக்கோலால் வெட்டிய வாய் பெரும்பாலும் முட்டை வடிவமாகத்தான் இருக்கும், குறுக்கும் நெடுக்கும் அளந்து சராசரி எடுங்கள்.

எங்கே வைப்பது

இதில் தப்பினால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. மரத்தடி, கூரை ஓரம் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். உயரத்தில் வைத்தால் மழை தடையில்லாமல் விழும் என்ற நினைப்புதான் பலரை ஏமாற்றுகிறது.

இது பழைய ஏமாற்றம். 1766-67-ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் மூன்று மழைமானிகளை வைத்து ஓராண்டு அளந்தார். தரையருகே இருந்தது 22.6 அங்குலம் பிடித்தது, வீட்டுக் கூரைமேல் இருந்தது 18.1, வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற தேவாலயத்தின் உச்சியில் இருந்தது 12.1. மேலே போகப் போக மழை ஏன் குறைகிறது என்று ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காரணம் காற்று என்று 1861-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். கட்டடத்திலும் மழைமானியின் உடம்பிலும் மோதும் காற்று மேலெழுந்து, வாய்க்கு மேலே வேகமாகக் கடக்கிறது. துளிகளையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. என் கைப்பிடிச் சுவரில் நடந்ததும் இதுதான்.

அதற்காகத் தரையோடு தரையாகவும் வைக்க முடியாது, மண்ணில் தெறிக்கும் நீர் உள்ளே விழும். பிரிட்டனில் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது முறை. பல நாடுகளில் அரை மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை வைக்கிறார்கள். தோட்டத்துக்கு 30 செ.மீ. போதும், சுற்றிலும் புல் இருந்தால் இன்னும் நல்லது. சிமெண்ட் தரையில் தெறிப்பு அதிகம்.

சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். 3 மீட்டர் மரத்துக்கு 6 மீட்டர். சின்னத் தோட்டத்தில் இது நடக்காது, தெரியும். இருப்பதில் திறந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதையே மாற்றாமல் வைத்திருங்கள். இன்று இங்கே நாளை அங்கே என்று நகர்த்தினால் ஒரு நாளின் அளவை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியாது. அப்புறம், செடிக்கு நீர் தெளிக்கும் குழாயின் வீச்சுக்குள் அது இருக்கிறதா என்றும் பாருங்கள். மழையே இல்லாத நாளில் 6 மி.மீ. வந்தால் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

எப்போது பார்ப்பது

தினமும் ஒரே நேரத்தில், காலையில் பார்ப்பது வசதி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் ஆவியாகியிருக்கும், எந்த மழை எந்த நாளுடையது என்பதும் குழம்பும். செருகிய புனல் ஆவியாவதை மட்டுப்படுத்தும், அதன் கழுத்தில் இலை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் கொசு வளர ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால் பார்த்ததும் கொட்டிவிடுங்கள்.

மழை பெய்யாத நாளுக்கும் நோட்டில் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், ஆறு மாதம் கழித்துப் புரட்டும்போது அன்றைக்கு மழை இல்லையா, நாம் பார்க்கவில்லையா என்று நமக்கே தெரியாது.