பாக்கெட் ரிவால்வர்: எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சிறிய ரிவால்வர் தேடுபவர்கள், கடையில் கையில் எடுத்ததுமே இலேசானதில்தான் மயங்குகிறார்கள். .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகையைச் சுடும் ரூகர் எல்சிஆர் ரிவால்வர் ஏறத்தாழ 380 கிராம்தான். எஃகில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 36 அரை கிலோவைத் தாண்டும். சுமக்க இலேசானது சுகம்தான், ஆனால் சுடும்போது உதைப்பதும் அதுதான். அதிலும் .357 மேக்னம் என்ற அதிக வலுவுள்ள தோட்டாவுக்கென்றே செய்த இலேசான துப்பாக்கியில் அதைப் போட்டுச் சுட்டால் உள்ளங்கை எரியும்; அப்புறம் பயிற்சிக்குப் போகவே மனம் வராது. என்னைக் கேட்டால் .38 போதும். உதை தாங்காதவர்கள் 148 கிரெயின் (குண்டின் எடை அளவு) வாட்கட்டர் என்ற, தட்டை முனையுள்ள, உதை குறைந்த தோட்டாவை முயன்று பார்க்கலாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 642 போல, ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) உள்ளே மறைந்திருப்பதாகப் பாருங்கள். எடுக்கும்போது துணியில் மாட்டாது. ஆனால் ஒவ்வொரு முறையும் விசையை முழுக்க இழுக்க வேண்டும், அது கனமாக இருக்கும். ஆகவே வாங்குமுன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பாருங்கள். பொதுவாக ஐந்தே தோட்டாதான் என்பதையும் மனதில் வையுங்கள்.

விசையை முழுதாக மூடும் உறை கட்டாயம். துப்பாக்கி வைக்கும் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. உரிமச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லை தாண்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டும் பெட்டியையும் சேர்த்தே வாங்குங்கள்.