பெரிய வகுப்பையும் சின்ன வகுப்பையும் சேர்த்து உட்கார வைக்கும்போது செய்யக்கூடாதவை

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஜோடி சேர்த்து வாசிக்க வைப்பது, கணக்குப் போட வைப்பது, செடி வளர்த்துக் குறிப்பெடுக்க வைப்பது, இதையெல்லாம் ஆசை ஆசையாகத் தொடங்குகிற ஆசிரியர்கள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜூலையில் தொடங்குவார்கள், காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அது சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். ஏன் என்று கேட்டால் நேரமில்லை, சிலபஸ் முடியவில்லை, பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று பதில் வரும். எல்லாம் உண்மைதான், ஆனாலும் நான் பார்த்த வரையில் முக்கியமான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: இதைச் சின்னப் பிள்ளைக்கு உதவுகிற ஏற்பாடு என்று மட்டும் நினைக்கிறோம். பெரிய பிள்ளை இதில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறது என்று யாரும் யோசிப்பதே இல்லை. அங்கிருந்துதான் மற்ற தவறுகள் ஒவ்வொன்றாக வருகின்றன.

முதல் தவறு, முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. 'நன்றாகப் படிக்கிறவன் தானே சொல்லிக் கொடுக்க முடியும்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் தடுமாறி வாசிக்கும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குத் தேவை இரண்டாம் வகுப்பு அளவுக்கான எளிய புத்தகம். அதை அவன் வகுப்பிலேயே கையில் கொடுத்தால் கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், அவனும் தொட மாட்டான். அதே புத்தகத்தை 'நாளைக்கு ஒரு தம்பிக்கு வாசித்துக் காட்டணும், தயார் பண்ணிக்கோ' என்று கொடுத்தால் முந்தின நாள் சாயங்காலம் நாலு தடவை வாசித்துப் பார்ப்பான், யாரும் சொல்லாமலே. எளிய புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க அவனுக்குக் கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் 1984-ல் இப்படி ஒரு திட்டம் தொடங்கினார்கள். பள்ளியை விட்டே நின்றுவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் கை கழுவியிருந்த மாணவர்களைத்தான் தேடிப்பிடித்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள், அதற்குச் சின்னதாக ஒரு உதவித்தொகையும் கொடுத்தார்கள். தன்னை எதிர்பார்த்து ஒரு குழந்தை காத்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வரத் தொடங்கினார்கள். கோஹனும் குலிக் தம்பதியரும் 1982-ல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்லாமல் சொல்லிக்கொடுத்த மாணவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தது தெரிந்தது. பெற்றோர் யாராவது வந்து 'எம் புள்ள படிக்க வந்தானா, பாடம் நடத்த வந்தானா?' என்று கேட்டால் சொல்வதற்கு இது உதவும். கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்தது, ஆசிரியர் விடுப்பில் இருக்கும் வகுப்பைப் 'பார்த்துக்கொள்ள' பெரிய பிள்ளைகளை அனுப்பிவிட்டு அதற்கு இணைந்து கற்றல் என்று பெயர் வைப்பது. இதன் வரலாறு நம் ஊரிலேயே இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சார்பில் மற்ற பிள்ளைகளை மேய்த்த மூத்த மாணவன், அந்தச் சட்டாம்பிள்ளையை நமக்குத் தெரியும். 1789 வாக்கில் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், இங்கிருந்த பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை என்றதும் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். அதைப் பற்றி 1797-ல் லண்டனில் அவர் எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பரவியதற்குப் பெரிய காரணம் செலவு குறைவு என்பதுதான்: ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் மானிட்டர்கள். மானிட்டர் என்ன செய்வான்? ஒப்பிக்க வைப்பான், தப்புச் சொன்னால் ஆசிரியரிடம் சொல்லிக்கொடுப்பான். ஆசிரியர் இல்லாத குறையைப் பிள்ளைகளை வைத்து நிரப்பினால் இன்றைக்கும் அதேதான் நடக்கும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் இருந்தாலே போதும், அதனால் ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவது புரிகிறது. ஒருவர் பயிற்சிக்குப் போனால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் பார்க்கணும். அந்த நாளைச் சமாளிக்க எதையாவது செய்துகொள்ளுங்கள், ஆனால் அந்த நாளுக்காக இந்த ஏற்பாட்டைக் கலைக்காதீர்கள். ஜோடி வேலை நடக்கும்போது இரண்டு வகுப்பு ஆசிரியர்களும் கூடவே இருந்து, சுற்றி வந்து, காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஃப்ரீ பீரியட் கிடைத்தது என்று ஒருவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், அடுத்த வாரம் இன்னொருவரும் உட்காருவார்.

பயிற்சி கொடுக்காமல் அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம் என்பேன். 'போய்ச் சொல்லிக்கொடு' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பிள்ளைக்குத் தெரிந்த ஒரே மாதிரி நாம்தான். நம்மைப் போலவே குரலை உயர்த்தும், 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்கும், ஸ்கேலை எடுத்துத் தட்டும், தலையில் ஒரு குட்டும் வைக்கும். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம், ஒரு பீரியட் ஒதுக்கி ஆசிரியர்கள் இருவரும் பெரிய பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து நடித்துக் காட்டினால் போதும். ஒருவர் சின்னப் பிள்ளையாகத் தப்புத் தப்பாக வாசிக்கட்டும், மற்றவர் முதலில் மோசமாக நடந்து காட்டட்டும், அப்புறம் சரியாகச் செய்து காட்டட்டும்.

எது சரி? ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் டாப்பிங் ஜோடி வாசிப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவர். அவர் சொல்லும் முறை மிக எளிது. முதலில் இருவரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கிறார்கள், பெரியவர் சின்னவரின் வேகத்துக்கு இறங்கி வருகிறார். தனியாக வாசிக்க முடியும் என்று தோன்றினால் சின்னவர் ஒரு சைகை காட்டுவார், மேசையில் ஒரு தட்டு, அல்லது கையைத் தொடுவது, உடனே பெரியவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். சின்னவர் தடுமாறினால் நான்கைந்து நொடி பொறுக்கணும், மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லலாம். அதற்குள் அவராகவே திருத்திக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் பெரியவர் அந்தச் சொல்லைச் சொல்வார், சின்னவர் திருப்பிச் சொல்வார், மறுபடி சேர்ந்து வாசிப்பு. எழுத்துக்கூட்டச் சொல்லி வதைப்பது கிடையாது, முதலில் இருந்து மறுபடி வாசி என்பதும் கிடையாது. கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும் அந்த ஐந்து நொடிப் பொறுமைதான் ஐந்தாம் வகுப்புக்காரர்களுக்கு ரொம்பக் கஷ்டமான பாடம். (நமக்கும்தான், நேர்மையாகச் சொன்னால்.)

ஜோடி சேர்ப்பதில் நடக்கிற குளறுபடிகளைத் தனியாகவே சொல்லணும். வருகைப் பதிவேட்டை எடுத்து, முதல் நம்பருக்கு முதல் நம்பர் என்று சேர்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பையும் ஒன்றாம் வகுப்பையும் சேர்த்தால் எட்டாவது பிள்ளைக்குக் கற்க எதுவும் இல்லை, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதோடு முடிந்துவிடும். மூன்றையும் இரண்டையும் சேர்த்தாலோ இரண்டு பேரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வாசிப்பில் இரண்டு மூன்று வருட இடைவெளி இருந்தால் சரியாக வரும். இரண்டு வகுப்பையும் வாசிக்கும் திறன்படி மேலிருந்து கீழாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், மேலே இருப்பவருக்கு மேலே இருப்பவர், கீழே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் என்று சேருங்கள். அப்போதுதான் ஐந்தாம் வகுப்பில் தடுமாறுகிற பிள்ளையும் தன் ஜோடியை விட ஒரு படி மேலே இருக்கும். தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதால் சின்ன வகுப்புப் பட்டியல் பாதி தயாராகவே இருக்கிறது. உடன்பிறந்தவர்களைச் சேர்க்காதீர்கள், வீட்டுச் சண்டை பள்ளிக்கு வரும்.

இன்னொன்று. பல ஊர்களில் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு ஜோடி சேரச் சொன்னால் ஒரே தெருப் பிள்ளைகள்தான் ஒன்றாக உட்காருவார்கள், ஏன் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 'அவங்களுக்குள்ளே பழக்கம், அதான் ஈஸி' என்று விட்டுவிடுவது தெருவில் இருக்கும் கோட்டை வகுப்பறைக்குள்ளும் இழுத்துப் போடுவது. வாசிப்புப் பட்டியலை வைத்து ஜோடி சேர்த்தால் இந்தக் கோடு தானாகவே கலையும், யாராவது வந்து கேட்டாலும் காரணம் சொல்லத் தாள் கையில் இருக்கும்.

புத்தகம் பற்றி. பாடப் புத்தகத்தையே கொடுப்பதுதான் வழக்கம், அது வேண்டாம் என்பேன், பாடப் புத்தகம் கைக்கு வந்ததுமே பெரிய பிள்ளை ஆசிரியராக மாறிவிடுகிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் பள்ளிகளுக்கு வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன, பல பள்ளிகளில் அலமாரியில்தான் தூங்குகின்றன. துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் பதிப்பகங்களின் படக்கதைகள் இருந்தால் இன்னும் நல்லது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அச்செடுத்துக்கொள்ளலாம். முக்கியமானது, புத்தகத்தைப் பெரிய பிள்ளை முந்தின நாளே வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேலே சொன்ன தடுமாறும் பையன் ஒரு சின்னக் குழந்தை முன்னால் அவமானப்படுவான், அடுத்த நாள் வயிற்றுவலி என்று லீவு போடுவான்.

கணக்கிலும் மற்ற வேலைகளிலும் வரும் தவறு வேறு மாதிரி. பெரியவர் எல்லாவற்றையும் தானே செய்து முடித்துவிடுவார், சின்னவர் வாய் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு விதி போதும்: பென்சிலும் பொருளும் சின்னவர் கையில்தான் இருக்கணும், பெரியவர் கேள்வி மட்டும் கேட்கலாம். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு சொல்லித் தருவதாக வைத்துக்கொள்வோம், கட்டைப் பிரிப்பதும் கட்டுவதும் சின்னவர் வேலை. '32-ல இருந்து 15 எடுக்கணும், ரெண்டு குச்சிதானே தனியா இருக்கு, இப்ப என்ன பண்ணலாம்?' என்று கேட்பது பெரியவர் வேலை. கடன் வாங்கிக் கழிப்பதை மனப்பாடமாகச் செய்துவந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் கடன் வாங்குகிறோம் என்று அங்கேதான் முதல் தடவை விளங்கும்.

மாதம் ஒருமுறை மைதானத்தில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவது விழா, அதில் கற்றல் எதுவும் பெரிதாக நடக்காது. வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், அப்படி ஆறு முதல் எட்டு வாரம், அப்புறம் நிறுத்தி ஒரு இடைவெளி, இதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. வருடம் முழுக்க என்று அறிவித்தால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். மதியம் சாப்பிட்டதும் வைக்காதீர்கள், சின்னவர்கள் தூங்கி விழுவார்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் அடைத்தால் சேர்ந்து வாசிக்கும் சத்தத்தில் எதுவும் காதில் விழாது, பாதிப் பேர் அங்கே போகட்டும், பாதிப் பேர் இங்கே வரட்டும், வேப்பமரம் இருந்தால் இன்னும் வசதி.

சின்னவர்கள் பெரியவர்களை 'மிஸ்', 'சார்' என்று கூப்பிடத் தொடங்கினால் அன்றைக்கே நிறுத்துங்கள். அக்கா, அண்ணா போதும். ஹோம்வொர்க் திருத்துவது, மார்க் போடுவது, 'இவன் பேசினான்' என்று பெயர் எழுதிக் கொடுப்பது, எதையும் பெரிய பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. அதிகாரம் கைக்கு வந்த அன்றே சின்னவர் தப்பாக வாசிக்கப் பயப்படத் தொடங்கிவிடுவார்.

பெரிய பிள்ளைகள் திரும்பி வந்ததும் நேராக அறிவியல் பாடத்தைத் திறக்கச் சொல்வது நிறையப் பேர் கவனிக்காத தவறு. ஐந்து நிமிடம் கொடுங்கள். ஒரு நோட்டில் மூன்று வரி: என்ன வாசித்தோம், எங்கே திணறினார்கள், நான் என்ன செய்தேன். 'ழ வரல. நாக்கை மடிக்கச் சொன்னேன். சிரிச்சிட்டா' என்ற அளவுக்கு எழுதினால்கூடப் போதும், எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போட வேண்டாம். வாரக் கடைசியில் அந்த நோட்டுகளைப் புரட்டினால் எந்தச் சின்னப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று அந்த வகுப்பு ஆசிரியருக்கே தெரியாத சில விஷயங்கள் கிடைக்கும்.

ஜோடியில் ஒருவர் வராத நாளுக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று பெரிய பிள்ளைகளை ஜோடி இல்லாமல் உதிரியாக வைத்துக்கொண்டு, யாருக்கு ஆள் வரவில்லையோ அங்கே அனுப்பலாம். அவர்கள் ஒரே ஆட்களாக இல்லாமல் மாறி மாறி இருந்தால் சண்டை வராது. சில ஜோடிகள் எவ்வளவு பார்த்துச் சேர்த்தாலும் ஒட்டவே ஒட்டாது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, யார் மீதும் குறை சொல்லாமல், வேறு நாலைந்து ஜோடிகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், அப்போது எந்தப் பிள்ளைக்காக மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது.